அவரை வரச் சொல்லிவிட்டேன்

சங்கரன்கோவில்
12-8-1952, செவ்வாய்

கண்டியிலிருந்து கொழுந்தன் தங்கராசு மத்தியானம் வந்து இறங்கினார். அங்கே துணிக்கடையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குச் சிலோன் பிரஜா உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். காரணம் நான்தான். பிரசவத்துக்கு இங்கே வந்தவள், அம்மா படுத்துவிட்டதால் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டேன். பெண்டாட்டியும் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டுமாம். அதுதான் சட்டமாம்.

"அண்ணன் உங்களக் கொற சொல்லல மதினி. அங்கனயே அப்பீல் பண்ணிப் பாக்கவா, இங்கன வந்துரவான்னு கேட்டாவ. என்ன சொல்லுதீய?"

பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் அப்பா முகம் பார்க்காதவன்.

"வந்துரச் சொல்லுங்க" என்றேன். தங்கராசு உடனே போய்த் தந்தி அடித்துவிட்டு வந்தார்.

படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் பிறந்ததே கண்டியில். இந்த ஊருக்குக் கல்யாணத்துக்கு மட்டும் வந்திருக்கிறார். அங்கே அவரை இந்தியாக்காரன் என்கிறார்கள். இங்கே சிலோன்காரன் என்று சொல்லிவிட்டால்? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

தந்தி இந்நேரம் கைக்குக் கிடைத்திருக்கும். அவர் பெட்டி கட்ட ஆரம்பித்திருப்பார்.