இத்தாலியில் எவடம்

லூயிஷாம், லண்டன்
12 மே 2024, ஞாயிறு இரவு

அன்புள்ள தனு அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகமா? இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர.

இதைத் தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுகிறேன். அம்மா கதவைத் திறந்தால், சோதனைக்குக் கடிதம் எழுதிப் பழகுகிறேன் என்று சொல்லலாம். போன கிழமை உண்மையாகவே திறந்தார். "எட, உனக்குத் தமிழிலை இவ்வளவு அக்கறையோ" என்று பால் கொண்டுவந்து தந்தார். போனில் எழுத வழியில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அதை வாங்கிப் பார்ப்பார். ஆகவே நாளைக்கு இந்தத் தாளைக் கிழித்து, நீங்கள் முன்பு சனிக்கிழமைகளில் வேலை செய்த லூர்தம்மா அன்ரியின் மரக்கறிக் கடையில் கொடுப்பேன். அவர் வழமைபோலப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார். உங்கள் பதிலையும் அவருடைய போனில்தான் வாசிப்பேன்.

ஒரு செய்தி. ஜூன் மாதம் எங்கள் வகுப்பை மூன்று நாளுக்கு ரோமுக்குக் கூட்டிப் போகிறார்கள். இத்தாலி என்றாலே அப்பாவுக்கு உங்கள் ஞாபகம் வரும், ஓம் என்று சொல்லமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் என் சிநேகிதி ஸ்ரீநிதியின் அப்பா, அவர் ஒரு டொக்டர், சென்னை ஆட்கள், போன் எடுத்து, "ரெண்டு பொண்ணுங்களும் ஒரே ரூம்தான் சார், ஒண்ணும் பயமில்ல" என்றார். டொக்டர் சொன்னால் அப்பா மறுக்கமாட்டார். கையெழுத்து வைத்துவிட்டார்.

அக்கா, நீங்கள் இத்தாலியில்தானே. மூன்று வருடமாக உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் மகனைப் பார்த்ததே இல்லை. ஜூன் 21, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்களை அரை மணித்தியாலம் ஐஸ்கிரீம் குடிக்க விடுவார்கள். பாந்தியன் என்ற பழைய கோயிலுக்கு முன்னால், நீரூற்றடியில். வருவீர்களா?

பயமாகத்தான் இருக்கிறது. ஹோலில் உங்கள் பட்டமளிப்புப் படம் இருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும்தான். பக்கத்தில் என் படம். அதுவும் ஒரு ஆணியில்தான் தொங்குகிறது.

அன்புத் தங்கை,
ஹம்சினி


16 மே 2024

என் ஹம்சிக்குஞ்சுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு கிருஷாந் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ரை மச்சாளுக்கு நல்ல தமிழ். உமக்கு இப்பிடி எழுத வராது" என்று பகிடி பண்ணுகிறார். அப்பாவின் முழங்கால் என்ற இடத்தில் வாசிப்பதை ஏன் நிறுத்தினீர் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வருவேன். நாலு மணிக்கு அங்கே நிற்பேன். கீர்த்தனனும் வருவான். இரண்டு பல் முளைத்திருக்கிறது. புது ஆட்களைக் கண்டால் கடிப்பான், கவனம்.

ஒரு சின்னக் குறை சொல்லட்டுமா? சுகமா என்பதைத் தவிர நீ அத்தானைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. யோசித்துப் பார்த்தால் அதைக் குறை என்று சொல்லவும் மனம் வரவில்லை. கலியாணம் என்றதும் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். மோர்டனில் இருக்கிற மாமி போன் எடுத்து, "பெடியன் ஊரிலை எவடம்?" என்றார். அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்து "எவடம்?" என்றார். ஊரைச் சொன்னேன். "அதுக்குள்ளை எவடம்?" என்றார். கோயிலுக்குப் பின்பக்கத்துத் தெரு என்றேன். அவ்வளவுதான், சாதி தெரிந்துவிட்டது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். நீ மட்டும் இத்தனை காலத்தில் ஒரு தரமும் எவடம் என்று கேட்கவில்லை.

தொப்பி கொண்டுவா. ஜூனில் இங்கே வெயில் கொளுத்தும்.

உன் அக்கா,
தனுஷியா


லூயிஷாம்
17 ஜூன் 2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தச் சொல்லை நான் வேண்டுமென்றேதான் கேட்பதில்லை. அன்று மேசையில் நானும் இருந்தேன். எனக்குப் பதினாலு வயது. எவடம் என்று கேட்டால் ஆட்கள் வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான்.

வியாழன் காலை விமானம். அம்மா என் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் போத்தல் வைத்திருக்கிறார். "அங்கை சாப்பாடு சப்பெண்டு இருக்கும்." எடுத்து வைத்தால் திரும்பவும் உள்ளே போகிறது.

அப்பா சொன்னது: "போனை நிப்பாட்டக்கூடாது. நான் எடுத்தால் உடனை வீடியோவிலை வரவேணும்." அவர் வேலை செய்கிற பெற்றோல் ஸ்ரேஷனில் எப்போது இடைவேளை கிடைக்கும் என்று சொல்லமுடியாது. பிறகு சொன்னார்: "அங்கை ஆரையும் பாக்கிற எண்ணமிருந்தால் இப்பவே சொல்லிப்போடு."

"ஆரை அப்பா?" என்றேன்.

என் போனைத் திருப்பித் தந்துவிட்டு எழும்பினார். பதில் சொன்னால் உங்கள் பெயரைச் சொல்லவேண்டி வந்திருக்கும்.

ஸ்ரீநிதிக்கு மட்டும் எல்லாம் சொல்லிவிட்டேன். "மிஸ்ஸ நான் பாத்துக்கறேன், நீ அக்காவ பாரு" என்கிறாள். அவளுக்குப் பயமே இல்லை. பயப்படத் தேவையான வீடு அவளுக்கு இல்லை.

நாலு மணிக்கு நான் வராவிட்டால் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுங்கள். உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு பஸ்தானே. பிள்ளையை வெயிலில் வைத்திருக்கவேண்டாம்.

அன்புடன்,
ஹம்சினி


21 ஜூன் 2024, ரயிலில்

அன்பு ஹம்சினிக்கு,

நான் உன்னைக் கண்டேன். நீயும் என்னைக் கண்டாய். நீரூற்றடியில் நிழல் இல்லாததால் கோயில் தூண்களடிக்குப் போய் நின்றேன். அங்கேயும் பாதி வெயில்தான். நீ போனைப் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பினாய். கை காட்டினேன். கீர்த்தனனின் கையையும் தூக்கிக் காட்டினேன். நீ உன் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்களுக்குள் ஓடிவிட்டாய். பத்து நிமிடம் பார்க்கச் சொல்லியிருந்தாய். வெயில் இறங்கும்வரை நின்றேன்.

கோபமில்லை. குறை இருக்கிறது. எழுதாமல் வைத்தால் அது கோபமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு பஸ்தானே என்றாய். நாங்கள் ரோமில் இல்லை, ஹம்சி. பலெர்மோவில் இருக்கிறோம். தெற்கே கடல் தாண்டி ஒரு தீவு. நேற்று இரவு ரயில் ஏறினோம். இடையில் ரயிலைக் கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி, அக்கரையில் திரும்பவும் பூட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு எழும்பிய பிள்ளை பிறகு நித்திரை கொள்ளவில்லை. உனக்குத் தொப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு அவனுடையதைக் கப்பலில் தொலைத்தேன். இப்போது அதே வழியால் திரும்பிப் போகிறோம்.

உன்னில் பிழையில்லை. டொரொன்டோவில் இருப்பவர்களைக் கனடா என்போம், பாரிஸில் இருப்பவர்களைப் பிரான்ஸ் என்போம். நானும் உனக்கு இத்தாலி என்றுதான் சொல்லியிருந்தேன். எவ்வளவு தூரம் என்று எழுதியிருந்தால் நீ வரவேண்டாம் என்றிருப்பாய். அதனால் எழுதவில்லை.

"நானும் வந்தால் ஹம்சி பயந்திடும், நீர் போயிட்டு வாரும்" என்று அத்தான் நின்றுவிட்டார். அவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

இனி எழுதவேண்டாம். உன் பயம் எனக்கு விளங்குகிறது. படித்து முடி.

தனுஷியா


லூயிஷாம்
30 ஜூன் 2024, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். லூர்தம்மா அன்ரி உங்கள் கடிதத்தைக் காட்டும்போதே, "அழுறதெண்டால் வெங்காய மூட்டையடியிலை போய் நில்லு. ஆரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்" என்றார். அங்கே நின்றுதான் வாசித்தேன்.

நடந்தது இதுதான். நீரூற்றடியில் உங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் கூப்பிட்டார். நான் வராவிட்டால் மிஸ்ஸுக்குப் போன் எடுப்பார்.

"எங்கை நிக்கிறாய்?"

"ஒரு கோயிலுக்கு முன்னாலை, அப்பா. ரண்டாயிரம் வருசம் பழசு. கூரைக்கு நடுவிலை பெரிய ஓட்டை."

"ஓட்டையோ? மழை பெஞ்சால்?"

"உள்ளுக்கை விழுமாம்."

"இவ்வளவு காலமும் காசு சேத்து அடைக்கேல்லையோ உவை? போனைத் திருப்பு, பாப்பம்."

நீரூற்றடியில் நீங்கள் இல்லை என்ற தைரியத்தில் கோயில் பக்கம் திருப்பினேன். தூண்களடியில் பிள்ளையோடு நின்று கை காட்டினீர்கள்.

அப்பா, "அந்தப் பிள்ளைக்குத் தொப்பி இல்லையோ" என்றார். போனை வைத்துவிட்டார். கண்டுவிட்டார் என்று தெரிந்ததும் ஓடினேன். திட்டியிருந்தால் உங்களிடம் ஓடிவந்திருப்பேன். திட்டாமல் வைத்ததுதான் பயமாக இருந்தது. ஹோட்டல் அறையில் ஸ்ரீநிதி, "உங்கக்கா எவ்ளோ நேரம் நின்னுருப்பாங்க?" என்று கேட்டாள். அவர்களுக்கு ஒரு பஸ்தான் என்றேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. போனைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. இன்று காலை சிவன் கோயிலால் வந்து வாசலில் காரை நிறுத்தினார். அம்மா இறங்கிப் போய்விட்டார். அப்பா இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடி கேட்டார்:

"உவை இத்தாலியிலை எவடம்?"

"பலெர்மோ" என்றேன்.

"அந்தக் கோயிலடியிலையிருந்து எவ்வளவு தூரம்?"

"ஒரு இரவுப் பயணம், அப்பா. ரெயினைக் கப்பலிலை ஏத்தி இறக்கவேணும்."

"பிள்ளையோடை தனியவோ வந்தவள்?"

"ஓம்."

"நீ கதைச்சனியோ?"

"இல்லை. ஓடிட்டன்."

"ஏன் ஓடினனீ?"

"உங்களுக்குப் பயத்திலை" என்றேன்.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, காரைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வராமல் கடைத்தெருப் பக்கம் நடந்து போனார்.

அத்தானைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆணியில் இன்னும் படம் இல்லை. அதையும் உள்ளபடி எழுதவேண்டும்.

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் ஒரு நீலத் தொப்பி கிடந்தது. சின்னப் பிள்ளைக்கு உரியது. காதை மூடும், கழுத்துக்குக் கீழே கட்டலாம், காற்றுக்குப் பறக்காது. யார் வாங்கியது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா அதை எடுத்து வந்து என் தமிழ்க் கொப்பியின் மேல் வைத்துவிட்டு, பால் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

லூர்தம்மா அன்ரியின் போனில் தொப்பியை அனுப்பமுடியாது. ஆகவே அக்கா, நானும் கேட்கிறேன். பலெர்மோவில் எவடம்? வீட்டு இலக்கத்தையும் தெருவையும் விளங்குகிற மாதிரி எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
ஹம்சினி