மணிக்கட்டுக்கு ஒரு விரல் இடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே கூத்து. நான் குளியலறைக்குள் இருக்கிறேன். வெளியே சின்ன மேடம் வந்து நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிகிறது. கூப்பிட மாட்டாள், கதவைத் தட்டவும் மாட்டாள். தொண்டையைக் கனைத்தாள். நானும் உள்ளேயிருந்து கனைத்தேன். அவள் மறுபடி. நானும் மறுபடி. சமையலறையிலிருந்து பெரிய மேடம் கத்தினாள். "ரெண்டு பேருக்கும் இருமல் மருந்து வாங்கிட்டு வரட்டுமா?"

பெரிய மேடம் என்றால் என் வீட்டுக்காரி. சின்ன மேடம் அவள் பெண். இந்த வயதில் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்குள் பெட்டியோடு வந்தேன். ஒரு மழைக்காலமும் போய்விட்டது. பெரிய மேடத்துக்கு நான் 'ஏங்க'. சின்ன மேடத்துக்கு நான் ஒன்றுமே இல்லை. எதிரில் வந்து நிற்பாள், என் கண் அவள் மேல் விழும்வரை பொறுத்திருப்பாள், அப்புறம்தான் விஷயத்தைச் சொல்வாள். கூப்பிடுவதென்றால் பேர் ஒன்று வேண்டுமே!

அப்பா என்கிற நாற்காலியில் ஆள் உண்டு. வேறு ஊரில் இருக்கிறார், ஞாயிறு தவறாமல் போன் செய்கிறார். அதில் போய் நான் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. மாமா என்றால் வாய் கூசுகிறதாம். அங்கிள் என்றால் பக்கத்து வீட்டு ஆள் மாதிரி இருக்கிறதாம். அம்மாவிடம் சொன்னது என் காதுக்கு வந்து சேர்ந்தது.

நான் சும்மா விடுவேனா? சாப்பிடும்போது சொன்னேன், "பேரு வைக்காத பூனைக்குட்டி மாதிரி திரியறேன். ஒரு 'டேய்' ஆவது போடும்மா." சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்

சின்ன மேடத்துக்கு வேலை கிடைத்துவிட்டது! பெரிய தெரு பேக்கரியில், மாவு பிசைகிற பக்கம். திங்கட்கிழமை சேரவேண்டும். முதல் வேலை. ஏதாவது கொடுக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கைக்கயிறு பின்னப்போகிறேன்.

கயிற்றில் தொங்கி உயரக் கட்டிடங்களின் கண்ணாடி துடைத்த கை இது. முழங்கால் மக்கர் பண்ணியதும் கீழே இறக்கி, கயிற்றுக் கிடங்கில் உட்காரவைத்துவிட்டார்கள். வந்த கயிற்றைக் கழுவிக் காயப்போட்டு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பதுதான் இப்போது வேலை. ஆனால் கை சும்மா இருக்காது. டீ நேரத்தில் மெல்லிய பருத்திக் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். கிடங்கில் எல்லார் கையிலும் நான் பின்னியதுதான். மேஸ்திரி இரண்டு கட்டியிருக்கிறார், ஒன்று மனைவிக்குப் பயந்து வாட்சுக்குக் கீழே.

அளவு எப்படி எடுப்பது? கேட்டால் குட்டு உடைந்துவிடும். அலமாரி மேல் அவள் வாட்ச் கிடந்தது. பட்டையில் எந்த ஓட்டை தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதுவரை நூலை வைத்துக் கிள்ளிக்கொண்டேன். பெரிய மேடம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"வாட்சைத் திருடறீங்களா?"

"அளவைத் திருடறேன். வாட்ச் உங்களுக்கே."

மார்ச் 9, ஞாயிறு

கொடுத்துவிட்டேன். நீலக் கயிறும் மணல் நிறக் கயிறும் கலந்து பின்னியது. நான் போடுகிற கடைசி முடிச்சு அவிழவே அவிழாது. கிடங்கில் வந்து கேட்டுப் பார்க்கட்டும். அதையும் பீற்றிக்கொண்டேன். "இது போனா நான் மீசைய எடுத்துடறேன்."

கட்டைவிரலை மடக்கி, கையைக் குறுக்கி, கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு உள்ளே நுழைத்துவிட்டாள். கச்சிதம்.

"நல்லாருக்கு."

"யாரப் பாத்துச் சொல்ற? செவுத்தையா? நல்லாருக்குங்குறதுக்குப் பின்னால ஒரு பேரச் சேத்தா இன்னும் நல்லாருக்கும்."

அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. பெரிய மேடம் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இப்போது பார்த்தாலும் தடம் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

கயிற்றோடு வேலைக்குப் போனாள். தெருமுனையில் திரும்பிக் கையை ஆட்டினாள். அம்மாவுக்குத்தான் ஆட்டினாள். இருந்தாலும் கயிறு கட்டிய கையைத்தான் ஆட்டினாள்.

மார்ச் 14, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வீட்டில் துணி துவைப்பது என் இலாகா. அவள் ஏப்ரனைத் தண்ணீரில் போடும் முன் பையைத் துழாவினேன், காகிதம் கீகிதம் இருந்தால் பிசுபிசுத்துவிடும் என்று. கைக்கயிறு வந்தது. இரண்டு நுனியாக.

அறுந்ததா, வெட்டியதா? அதைப் பார்ப்பதே என் பிழைப்பு. தேய்ந்து அறுந்தால் இழையெல்லாம் பிரிந்து துருத்திக்கொண்டு நிற்கும். இது மொட்டை. கத்தரி வைத்து ஒரே வெட்டு.

அப்படி என்ன செய்துவிட்டேன்? பிடிக்கவில்லை என்றால் கழற்றிப் போட்டிருக்கலாமே. வெட்டும் அளவுக்கா...

கயிற்றை அதே பையில் வைக்கலாமா என்று யோசித்தேன். என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

இன்று யாரையும் கிண்டல் செய்யவில்லை. மேஸ்திரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 16, ஞாயிறு

சின்ன மேடம் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. நான் மொட்டைமாடியில் துணி காயப்போடும் சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய மேடம் மேலே வந்தாள்.

"ஏங்க, ரெண்டு நாளா வீடு சாவு வீடு மாதிரி இருக்கு. என்னன்னு சொல்லுங்க."

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது? என்னைய ஏன் புடிக்கலைன்னா?"

"கயிற ஏன் வெட்டினேன்னு கேக்கலாம்ல? அது சின்னக் கேள்விதான?" கயிற்றை என் கையில் திருப்பி வைத்தாள். அப்புறம் சொன்னாள், "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எப்பப் பாத்தாலும் கூப்பிடு கூப்பிடுன்னு நிக்கறீங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்றீங்க. அவளுக்கு அது கழுத்தப் புடிக்கற மாதிரி இருக்கு."

"விளையாட்டுக்குத்தானே?"

"உங்களுக்கு விளையாட்டு."

துணிக் கிளிப் ஒன்றை எடுத்து வாயில் கவ்விக்கொண்டேன்.

விளையாட்டுத்தானா? எழுதும்போது பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. இல்லை. ஆசையாக இருந்தது. இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

மடையன் நான். மடையன். மடையன்.

கிடங்குக்குப் புதுக் கயிற்றுச் சுருள் வந்திறங்கியது. மேஸ்திரிக்கு அவசரம், உடனே வெட்டிக் கொடு என்றார். நான் என் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டேன். "அதெப்படி? புதுக் கயிற மொதல்ல ஊறப்போடணும், காயவைக்கணும், அப்புறந்தான் அளக்கணும். அப்படியே வெட்டினா தண்ணி பட்டதும் சுருங்கி..."

கை தானாகச் சட்டைப் பையிலிருந்த கயிற்றுக்குப் போனது.

"சுருங்கி என்னய்யா?" என்றார் மேஸ்திரி.

சுருங்கி, இறுகிவிடும். அவள் கயிற்றை நான் ஊறவே போடவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிக்கிற ஆசையில் சுருளிலிருந்து உருவி அப்படியே பின்னிவிட்டேன். அவளோ பேக்கரியில். மாவில் கை வைக்கும் முன் கழுவ வேண்டும், வைத்த பின்னும் கழுவ வேண்டும். போதாக்குறைக்கு அவிழாத முடிச்சு வேறு!

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். ஓடினேன் என்றால் இந்த முழங்கால் அனுமதித்த ஓட்டம். அவள் வேலை முடிந்து வந்ததும் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. கனைத்தேன்!

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்ன?"

"கையக் காட்டும்மா."

"ஒண்ணுமில்ல."

"சட்டைய மேல ஏத்து. தயவுசெஞ்சு."

ஏற்றினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். ஓரத்தில் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"கழுவக் கழுவ இறுகிட்டே போச்சு," என்றாள். "கழட்டப் பாத்தேன், வரல. வெரலெல்லாம் மரத்துப் போச்சு. ஓனரம்மாதான் கத்தரிய எடுத்தாங்க. நான் வேணாம், வெட்டாதீங்கன்னு சொல்லிப் பாத்தேன். அவங்க கேக்கல. அழுதுட்டேன்."

"அவ்வளவு வலியா?"

"வலிக்கு அழல."

பின்னே எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"இது போனா மீசைய எடுத்துடறேன்னீங்களே. சொன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுருவீங்கன்னு நெனச்சேன். சொல்லாமயே தொங்கப் போட்டுட்டீங்க."

பெரிய மேடம் உள்ளேயிருந்து மருந்துக் குப்பியும் பஞ்சும் எடுத்து வந்தாள். கூடவே என் ஷேவிங் செட்டையும்.

மார்ச் 19, புதன்

மீசை போய்விட்டது. கிடங்கில் யாரும் வேலை செய்யவில்லை, என்னைப் பார்த்துச் சிரிப்பதே வேலையாக இருந்தது. உதட்டுக்கு மேலே காற்று ஜில்லென்று படுகிறது.

மார்ச் 30, ஞாயிறு

தோல் ஆறிவிட்டது. புதுக் கயிறு தயார் செய்தேன். ஊறப்போட்டு, நுனியில் பழைய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுக் கொடியில் காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, மறுபடி காயவைத்தேன். பெரிய மேடம் கேட்டாள், "அடுத்து அதுக்குப் பவுடர் போட்டுவிடுவீங்களா?"

இந்த முறை திருட்டு அளவு கிடையாது. நேற்று அவள் வேலை முடிந்து வந்ததும் கேட்டே எடுத்தேன். நாள் முழுக்க மாவு பிசைந்த கை சாயங்காலம் சற்றுப் பருத்திருக்கும். அந்தக் கைக்குப் பொருந்தினால் எப்போதும் பொருந்தும். கையைத் தானாகவே நீட்டினாள். உள்ளங்கையில் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இறுக்கமா அளக்கக் கூடாது. ஒரு வெரல் போற எடம் விடணும்," என்றேன்.

"யார் வெரல்? உங்க வெரல்னா கயிறு தோள் வரைக்கும் ஏறிடும்."

பெரிய மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்னைக் கிண்டல் செய்கிறாள்! என்னை!

கடைசி முடிச்சை மூடவில்லை. இரண்டு நுனியும் ஒரு சின்னப் பின்னலுக்குள் ஓடும். ஒரு பக்கம் இழுத்தால் இறுகும், இன்னொரு பக்கம் இழுத்தால் தளரும். எவ்வளவு என்பது அவள் பாடு. வேலைக்குப் போனதும் கழற்றி ஆணியில் மாட்டலாம், வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். போடாமலும் இருக்கலாம்.

பேர் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கித் தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்னும் கனைப்புதான். பரவாயில்லை. இப்போது எனக்கு வித்தியாசம் தெரிகிறது. சாவி வேண்டுமென்றால் குட்டைக் கனைப்பு, குளியலறை வேண்டுமென்றால் நீளம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒட்டுக்கேட்கவில்லை. வாளியோடு அந்தப் பக்கம் போனேன், அவ்வளவுதான். அவள் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாப்பா, கைல கட்டியிருக்கேன். அந்த போட்டோல இருக்கறதுதான். கடைல வாங்கல, வீட்ல செஞ்சது."

யார் செய்தது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். இவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க..." என்று தொடங்கினாள். என்னைப் பார்த்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டாள்!

எங்க? எங்க, என்ன? வாளித் தண்ணீர் முழுக்க என் காலில்.

மே 3, சனி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் மழை கட்டியது. சின்ன மேடம் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். பேக்கரிக்குப் போய், கல்லாவில் இருந்த ஓனரம்மாவிடம் குடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வேலை இடத்தில் நான் போய் அசடு வழிய வேண்டாமே என்றுதான். தெருவைக் கடந்து பஸ் நிற்கிற இடத்துக்கும் வந்துவிட்டேன்.

பஸ் சத்தத்தில் கனைப்பு எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"கயித்தப்பா!"

தெருவே திரும்பியது. நான் திரும்பவில்லை. எனக்கென்று எப்படித் தெரியும்?

"கயித்தப்பா! உங்களத்தான்! நில்லுங்க!"

திரும்பினேன். பேக்கரி வாசலில் ஏப்ரனோடு நிற்கிறாள், முழங்கைவரை மாவு. பின்னால் ஓனரம்மா, "என்னடி அது, கயித்தப்பா?" என்று கேட்கிறார்.

"எனக்கு அப்பா ஒருத்தர் இருக்காரு. இவரு கயித்தப்பா," என்றாள். சித்தப்பா, பெரியப்பா என்பது போல, உலகத்தில் வழக்கமாக இருக்கிற ஓர் உறவைச் சொல்வது போலச் சொன்னாள்.

பஸ் வந்தது. போயும்விட்டது.

பக்கத்தில் வந்து ரொட்டி உறை ஒன்றை நீட்டினாள். உள்ளே ஒரு கைக்கயிறு. பின்னல் ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் இளைத்து, பாம்பு எலியை விழுங்கின மாதிரி இருந்தது. இவ்வளவு அழகான கயிற்றை நான் பார்த்ததில்லை.

"ஊறப்போட்டுத்தான் பின்னினேன், பயப்படாதீங்க."

"அளவு எப்படி எடுத்த?"

"உங்க வாட்ச் பட்டைய வச்சு."

போட்டேன். விரல் முட்டியைத் தாண்டவில்லை. வாட்ச் பட்டை திறக்கும். இவள் கயிற்றை மூடிவிட்டிருக்கிறாள். இழுத்தால் தளர்கிற பின்னலை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

"மூடிட்டியேம்மா!"

"கடைசி முடிச்சு அவிழக் கூடாதுன்னு நீங்கதான பீத்திக்கிட்டீங்க?"

உள்ளே ஓடிப்போய்க் கொஞ்சம் வெண்ணெய் கொண்டுவந்தாள். நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெண்ணெய் தடவி, "மடக்குங்க, இன்னும் மடக்குங்க, கயித்தப்பா, மூச்ச விடுங்க" என்று அதட்டி, உள்ளே தள்ளிவிட்டாள்.

மழை வந்தது. குடை கல்லாவிலேயே இருந்தது.

மே 4, ஞாயிறு

கயிறு கழலவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தாச்சு. அதாவது, பெரிய மேடத்தின் திருப்திக்காகப் போட்ட மாதிரி காட்டினேன். இறுக்கமெல்லாம் இல்லை. ஒரு விரல் போகிற இடம் இருக்கிறது. என் விரல் போகாது, சின்ன மேடத்தின் விரல் போகிறது. அளந்து பார்த்தாள்.

மத்தியானம் பெரிய மேடம் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தாள், வெட்டிவிட்டுப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம் என்று. இப்போது அவள் வீடு முழுக்கக் கத்தரியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எங்கே இருக்கிறது என்று இதில்கூட எழுத மாட்டேன்.