எல்லாக் கிணற்றிலும் ஒரே உப்பு

இன்று விடுதிச் சாப்பாட்டில் இறால் தொக்கு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. என் கோபம் போகவில்லையே, என்ன செய்ய?

கடலியலில் முனைவர் பட்டத்துக்கு நாம் ஒரே பேராசிரியரிடம்தான் சேர்ந்தோம். உன் அப்பா ஊரின் பெரிய பண்ணைக்காரர். என் அப்பா அந்தப் பண்ணையில் நாற்றுப் பறித்தவர். உன் அப்பா நெல் வயலை வெட்டி இறால் குட்டை போட்டுக் கடல்நீரை ஏற்றினார். பக்கத்து வயலெல்லாம் உப்புப் பூத்து வெளுத்தது. எங்கள் தெருக் கிணறுகள் கரித்தன. தெருவே திரண்டுபோய் மறித்தது. உன் அப்பாவின் ஆட்கள் அடித்ததில் என் அப்பாவின் கை முறிந்தது. கடைசியில் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். கிணற்று நீரை அளந்து சொல்லும் வேலை நம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது.

அன்று எனக்குக் காய்ச்சல். "நீ படுத்துக்க, நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றாய். அட, உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்? பாட்டில்களை முறைப்படி அலசி, காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்பி, கிணற்றின் பெயரை ஒட்டி அழகாகக் கொண்டுவந்தாய். கருவியில் வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே உப்பு, அதுவும் நல்ல தண்ணீர் அளவு!

எங்கள் தெருவில் கிணற்றுக்குக் கிணறு உப்பு வேறு. ஒரு கிணறு சோற்றுக்கு, ஒன்று மாட்டுக்கு, ஒன்று கால் கழுவ மட்டும். இது உனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாயா? எல்லாப் பாட்டிலையும் உங்கள் வீட்டுக் கிணற்றிலேயே நிரப்பியிருந்தாய்.

கேட்டதும் உன் முகம் வெளிறிப்போனது. "அப்பா சொல்லிட்டாரு, நான் என்ன பண்றது? நீ என் ஃப்ரெண்டுதானே, விட்டுடேன்."

"எங்கப்பா கையை முறிச்சப்ப விட்டாங்களா?"

காய்ச்சலோடு பஸ் ஏறிப் போய் நானே நீர் எடுத்து வந்தேன். குட்டைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த அன்று எங்கள் தெருவில் பாயசம் வைத்தோம். நீ படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனாய். பிறகு மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாய்.

போன வாரம் உன் அம்மா என்னைத் தேடி வந்தார். "தீசிஸ் முடிக்கப் போறியாமே. எம்புள்ள பேரையும் அதுல ஒரு இடத்துல போடும்மா. அவன் படிச்சதுக்கு வேற அடையாளமே இல்ல" என்று அழுதார்.

"போடறேம்மா" என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் உன்னைத் தேடாதே. அங்கே என் அப்பா இருக்கிறார். பொய்யென்று தள்ளிய நீர் மாதிரிகளைச் சொல்லும் பக்கத்தில், எடுத்தவர் என்ற இடத்தில், உன் பெயரை இனிஷியலோடு முழுசாக அடித்திருக்கிறேன். உன் அம்மாவுக்கும் ஒரு பிரதி கொடுப்பேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கே என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டுவேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒற்றிக்கொள்ளட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லையடா.