புல்லுக்குத் தீ வைக்கும் படிப்பு

22 மார்ச் 2015, ஞாயிறு

காலையிலேயே அனல். ஏ ஷிப்ட். நிலக்கரி மைன்ஸ் ஃபயர் ஸ்டேஷனில் பம்ப் சோதனை, ஹோஸ் காயப்போட்டது. மாலை மாதா கோயிலில் பூசை. வரும் வழியில் கத்தரிக்காய், ஒரு பல்பு.

இரவு எட்டுக்கு மகள் ஜெனி வீடியோவில். அவளுக்குக் கன்சாஸில் காலை. இதுவரை "புல் ஆராய்ச்சி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். இன்றுதான் முழுசாக வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள் ஒரு பெரிய புல்வெளியைக் கொளுத்தப் போகிறார்களாம். குழுவுக்கு இவள்தான் பொறுப்பு, முதல் தடவையாக.

"யாரு வைக்கிறது தீய?"

"நான்தாம்பா."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நெருப்பை அணைக்கிறேன். பெற்ற பிள்ளை வைக்கப் போகிறது. போனை செலினிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். பெண்டாட்டியும் மகளும் வெகுநேரம் பேசினார்கள். எனக்குக் கோபம், வேறென்ன.

24, செவ்வாய்

வாங்க: செலினுக்கு முழங்கால் தைலம், துவரம்பருப்பு, ஷேவிங் பிளேடு.

வண்டி டிரைவர் முருகவேல், மந்தாரக்குப்பத்து ஆள், டீ நேரத்தில்: "இன்னாண்ண, பொண்ணு இன்னும் புல்லு படிச்சிகினுதான் இருக்குதா? வந்தா ரெண்டு மாடு வாங்கிக் குடு." எல்லோரும் சிரித்தார்கள். நானும். தீ விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ரிட்டயர் ஆகும்வரை ஓட்டுவான்.

26, வியாழன்

பி ஷிப்ட். மைன்ஸில் தோண்டிய மண்ணைக் கொட்டிய பழைய மேட்டில் புல் பற்றிக்கொண்டது. யாரோ போட்ட பீடி. அடக்கிவிட்டோம் என்று நினைத்த நேரம் காற்று திரும்பியது. முருகவேலுக்குப் புருவம் பொசுங்கியது, வேறு சேதமில்லை. புகை ஓரமாகக் கரிச்சான் குருவிகள் பாய்ந்து பாய்ந்து பூச்சி பிடித்தன. அதுகளுக்கு விருந்து.

நமக்கு ஒரு மேடு, சுற்றிலும் ரோடு. அவளுக்குக் கண்ணுக்கு எட்டியவரை புல். பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோபம் என்று எழுதினேன், அது பயம்தான்.

27, வெள்ளி

தவக்காலம், கறி இல்லை. சாம்பார், அப்பளம்.

செலின்: "அது உங்களப் பாத்துதானே நெருப்புக்குப் பயப்படாம வளந்துச்சு. இப்ப மூஞ்சத் தூக்கி வச்சிகிட்டா எப்படிங்க?" இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டேன்.

ஜெனி வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள், நீளமாக. ஞாபகத்துக்கு:

- அந்தப் புல் ஆள் உயரம். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால்போல. வேர் அதைவிட ஆழம். மேலே எரிந்தாலும் வேர் சாகாது.
- எரிக்காவிட்டால் செடார் என்று ஒரு மரம் வந்து ஆக்கிரமிக்கும். "நம்ம சீமைக்கருவேலம் மாதிரிப்பா." இது புரிந்தது.
- எரித்த இடத்தில் வரும் குருத்துக்குக் காட்டெருமை தேடி வரும்.
- ஒரு காட்டுக்கோழி. விடியற்காலையில் சேவல்கள் கழுத்துப் பையை ஆரஞ்சுப்பழமாக ஊதிக்கொண்டு ஆடுமாம். ஆட வெட்டவெளி வேண்டும்.

வீடியோ ஒன்றும். கோழி பாதத்தை டகடகவென்று தட்டுகிறது. செலின் மூன்று தடவை போடச் சொன்னாள்.

29, குருத்தோலை ஞாயிறு

ஓலை பிடித்து ஊர்வலம் சுற்றியதில் தோள் வலி. நானே ஜெனியைக் கூப்பிட்டேன். பரீட்சை வைத்தேன்: தண்ணீர் வண்டி எங்கே, ஆட்கள் எத்தனை பேர், சிக்கினால் எந்தப் பக்கம் ஓடுவது? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. காற்று போகிற பக்கத்து ஓரத்தில் முதலில் வைப்பார்களாம். அது காற்றை எதிர்த்து மெதுவாக எரியும். எரிந்து கருகிய பட்டை அகலமானபின்தான் மறுபக்கம் வைத்துக் காற்றோடு விடுவது. சிக்கினால் எரிந்து முடிந்த கரிமேல் ஏறி நிற்பது.

திட்ட ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எரிச்சல்.

"அப்ப பண்ணட்டுமாப்பா?"

"ம்" என்றேன். அவள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவேன். இன்று ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

4 ஏப்ரல், சனி

லீவ். வேட்டி இஸ்திரி. செலின் ஈஸ்டருக்குப் பிரியாணிச் சாமான் எடுத்து வைக்கிறாள். அங்கே காலை பத்துக்குக் கொளுத்தல், நமக்கு இரவு எட்டரை. முடித்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒன்பதே கால். போன் வரவில்லை. நான் போட்டால் தொந்தரவு. டிவியில் என்ன ஓடுகிறது என்றே தெரியவில்லை.

5, ஈஸ்டர்

நேற்று கோயிலுக்குக் கிளம்பும்போது போன். குரல் கம்மியிருந்தது.

"கொளுத்தலப்பா. தெக்கத்திக் காத்துன்னு நம்பி நின்னோம். திடீர்னு மேக்கேருந்து திரும்புது. எல்லாரும் தயாரா நிக்கறாங்க, வண்டிங்க வந்தாச்சு. நான் வேணாம்னுட்டேன். புரொபசருக்கே மூஞ்சி சரியில்ல. போன தடவ இதவிட மோசமான காத்துல வச்சோம்ங்கறாங்க." அழுதாள். அடுத்த வாய்ப்பு கிடைக்குமோ கிடைக்காதோ என்று.

எத்தனையோ நெருப்பை அணைத்திருக்கிறேன். பற்றுவதற்கு முன்னாலேயே நிறுத்த எனக்கு ஒரு நாளும் கொடுத்து வைத்ததில்லை. பெருமையாக இருந்தது. "சரியாத்தாம்மா செஞ்ச" என்று மட்டும் சொன்னேன்.

ராத்திரி ஈஸ்டர் பூசைக்குக் கோயில் வாசலில் புது நெருப்பு மூட்டியபோது வழக்கம்போல மணல் வாளியோடு பக்கத்தில் நான். சாமியார் பற்றவைத்ததும் ஜுவாலை ஜனங்கள் பக்கம் சாய்ந்தது. "சாமி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றேன். வந்தார்.

இன்று விடிந்ததும் நானே போன் போட்டேன். அங்கே இன்னும் சனி ராத்திரி, அவள் சாப்பிடுகிற நேரம். பிரியாணி பற்றி, அம்மா முழங்கால் பற்றி. பிறகு கேட்டேன்.

"அடுத்து எப்பம்மா தீ வைக்கப் போற?"