மாதா எங்கள் வீட்டில் தங்கிய வாரம்

மரியே வாழ்க

தாராவி, மும்பை
மே மாதக் கடைசி, வெள்ளி இரவு

என் அன்பு அக்காவுக்கு,

சுனிதா எழுதுவது. இந்தக் கடிதத்தைத் தொடும் முன் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வை என்றுதான் முதல் வரி எழுத நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அந்த வரியைப் படிக்க வேண்டுமென்றாலே நீ கடிதத்தைத் தொட்டிருக்க வேண்டும். சரி, உறையின் மேல் எழுதலாம் என்றேன். கன்னியர் மடத்துக்குப் போகிற கவரில் அப்படி எழுதினால் உங்கள் மதர் பயந்து குப்பையில் போட்டுவிடுவார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர் ஸ்டெர்லின். தபால் வந்து சேருவதற்குள் கிருமி தானாகச் செத்துவிடுமாம். இருக்கலாம். இந்த வாரம் எனக்கு எதுதான் உறுதியாகத் தெரிந்தது, இது தெரிவதற்கு.

ஆமாம் அக்கா, எனக்குக் கோவிட். பயப்படாதே. காய்ச்சல் இறங்கிவிட்டது, இருமல் மட்டும் இருக்கிறது. உங்கள் மடத்தில் ஃபோன் இருந்தால் அழுதே பாதியைத் தீர்த்திருப்பேன். எழுதும்போது எது முதல், எது பிறகு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் வரமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீ இங்கே இருந்த காலத்தில் மே மாதம் முழுக்க நம் சந்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்து வீடுகளைச் சுற்றி வருமே, அதே முழங்கை உயரச் சுரூபம்தான். முறையும் அதேதான். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி, மறுநாள் ஜெபமாலை முடித்து அடுத்த வீடு. எனக்கு அன்று காலையிலேயே தொண்டை கரகரப்பு. ஐரோலி ஆபீஸ் ஏ.சி., தாணேயில் ரயில் மாறும்போது நனைந்தது, இப்படி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். வீடு கொள்ளாத கூட்டம், பாதிப் பேர் சந்தில் நின்றார்கள். ஜெபமாலையை நான் முன்னே சொல்ல, எதிர்வீட்டு ரோஸி அக்கா என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து மறுபாதி சொன்னார்கள். எல்லோரும் மாதாவின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்து, சுண்டல் தின்று, டீ குடித்துப் போனார்கள். ரோஸி அக்கா மட்டும் கடைசி வரை இருந்து பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வீட்டுக்காரர் சேசுராஜ் அண்ணன் வரவில்லை. இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில்தான் ஓடுகிறது அவருக்கு. அம்பர்நாத்தில் இருக்கிற தங்கச்சி ஒரு கிட்னி தருவதாக ஒத்துக்கொண்டு, கையெழுத்தெல்லாம் முடிந்து, இந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாதாவுக்கு அடுத்து அவர்கள் வீட்டு முறை. ரோஸி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை விரிப்பு புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள்.

திங்கள் காலை மாதா கழுத்தில் கிடந்த மல்லிகையை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் பூ மாதிரி, ஒன்றுமே இல்லை.  மெடிக்கலில் கோவிட் டெஸ்ட் கிட் கேட்டால் கடைக்காரர் கீழ்த்தட்டில் குனிந்து தேடுகிறார். முதல் கிட்டில் இரண்டாவது கோடு இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து நான் இருக்கிறது என்கிறேன், ஸ்டெர்லின் இல்லை என்கிறார். இன்னொன்று வாங்கிப் பார்த்தோம். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஏணியில் ஏறிப் போட்மாலாவில் படுத்துவிட்டேன். நிமிர்ந்தால் தலையில் தகரம் இடிக்குமே, அந்தப் பரண்தான். கோவண்டியில் அவர் வேலை பார்க்கிற கூரியர் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு ஸ்டெர்லின் கீழே ஆனியைப் பார்த்துக்கொண்டார். அம்மா மேலே ஆபீஸில் இருக்கிறாள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறது. அவள் ஏணியடியில் நின்று, ஆபீஸ் முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நேற்றிலிருந்து அவளுக்கும் மூக்கு ஒழுகுகிறது. அந்த டெஸ்ட் குச்சியை அவள் மூக்கில் விடலாமா, விட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்வது, ஒன்றும் புரியவில்லை. மூன்று வயது முடியாத பிள்ளையிடமிருந்து தள்ளி இருப்பது சரியா, இந்த மூச்சோடு கிட்டப் போய் அணைப்பது சரியா? கேட்ட ஆளுக்கு ஒரு பதில்.

இனி ஆபீஸ் கதை. எனக்குக் கோவிட், லீவு வேண்டும் என்று ஹெச்.ஆரில் இருக்கிற சஃப்ரீனுக்கு மெசேஜ் போட்டேன். அது இன்னும் வருதா என்று முதலில் கேட்டாள். மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்றாள். கொஞ்ச நேரத்தில் வரவே வராதே என்றாள். அப்புறம் லேப் ரிப்போர்ட் வேண்டும் என்றாள். சயானில் இருக்கிற லேபுக்கு ஃபோன் செய்தால் டாக்டர் சீட்டு கேட்டார்கள். டாக்டரோ, இப்போது இதற்கெல்லாம் யாரம்மா டெஸ்ட் எடுக்கிறார்கள், சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள் என்று பாராசிட்டமால் எழுதினார். கடைசியில் சஃப்ரீனே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கோவிட் லீவு என்பதை எப்போதோ எடுத்துவிட்டார்களாம். அந்தப் பெயரை எழுதினால் என் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் மாதக் கடைசியில் லீவு கேட்பார்களாம். வைரல் ஃபீவர் என்று போடு, இரண்டு நாள் சிக் லீவு, அதற்கப்புறம் வீட்டிலிருந்து லாகின் செய், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றாள். அப்படியே போட்டேன். ஒரு காலத்தில் நாள் முழுக்கக் கோவிட் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களாகவே பாஸ் செய்து உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு வந்தபோது அதைப் போட ஒரு கட்டம் இல்லை.

அந்தத் திங்கள் மத்தியானம்தான் அந்தக் காரியம் செய்தேன். மாதா சாயங்காலம் ரோஸி அக்கா வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே சேசுராஜ் அண்ணன் அவளை முத்தி செய்வார். நானோ முந்தின ராத்திரி முழுக்க அவள் முகத்துக்கு நேரே இருமியிருக்கிறேன். ஆனி தூங்கிய நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். அந்தக் காலத்து சானிடைசர் பாட்டில் ஒன்று கிடந்தது. பஞ்சில் நனைத்துப் பாதத்தைத் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. முகத்தைத் துடைத்தேன். பஞ்சு மாதாவின் நிறத்துக்கு வந்துவிட்டது. பார்த்தால் இடது புருவத்தைக் காணோம். உதட்டோரமும் வெளுத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெர்லின் என் கண்மைப் பென்சிலை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புருவம் வரைந்தார். கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அன்றிலிருந்து மாதா ஒரு புருவத்தைத் தூக்கியபடி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறாள்.

மெழுகுவர்த்தியோடு ஆட்கள் வந்தபோது ஸ்டெர்லின் வாசலை மறித்து நின்று ஒரு பொய் சொன்னார். சுனிதா ஒன்பது நாள் நவநாள் நேர்ந்திருக்கிறாள், அதுவரை மாதா இங்கேதான் இருப்பாள் என்று. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் கோவிட்டில் அவரைப் பெற்ற அத்தையை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனதும், சந்து வாயில் மூங்கில் கட்டியதும், திரும்பி வந்த பிறகும் குழாயடியில் அத்தை குடத்தை எல்லோரும் தள்ளித் தள்ளி வைத்ததும் அவர் மனசில் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போன அத்தை இன்றுவரை இங்கே திரும்பவில்லையே. அன்பியத் தலைவர் ஜெப்ரி அண்ணன், நேர்ச்சை என்றால் யார் மறிக்க முடியும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடிவதற்குள் நேர்ச்சை ஆண் குழந்தைக்காக என்று ஆகிவிட்டது. ஆனியைப் பகலில் பார்த்துக்கொள்கிற நஸீராகூட இன்ஷா அல்லாஹ் என்றாளாம். ஆபீஸில் வைரல், சந்தில் நேர்ச்சை, பிள்ளைக்கு ஆபீஸ். எனக்கு வந்திருப்பது என்ன என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ரோஸி அக்கா சந்தில் வந்து நின்று, மேலே என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். சண்டைக்கு வந்த குரல் இல்லை அக்கா. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏ சுனி, ஒன் நேர்ச்சையக் கெடுக்க வரல்ல. ஒரே ஒரு ராத்திரி மாதாவத் தா. அவுக ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால அவ கால்ல தலைய வச்சிட்டுப் போட்டும். விடியமுன்ன நானே கொண்டாந்து வச்சிருதேன்."

அதோடு விடவில்லை. உனக்குக் கண்டிப்பாக ஆம்பளப் பிள்ளைதான், நானும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறேன் என்றார்கள். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. கீழேயிருந்து ஸ்டெர்லின் சொல்லாதே என்று சைகை காட்டுவது தெரிந்தது. நான் ஜன்னலில் முகத்தை வைத்து, நேர்ச்சை ஒன்றும் இல்லை அக்கா, எனக்குக் கோவிட் என்றேன். சானிடைசர், புருவம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் மாதாவை அனுப்பவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, நல்லதுதானே செய்திருக்கிறோம் என்று.

 ரோஸி அக்கா கேட்டார்கள்:

"மாதாவப் பூட்டி வச்ச, சரி. ஞாயித்துக்கெழம ஒன் பக்கத்துல இருந்தது யாருட்டி?"

அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மாதா பாதத்தைத் துடைத்தேன், முகத்தைத் துடைத்தேன், பொய் சொல்லிப் பூட்டி வைத்தேன். என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரோஸி அக்கா, என் பாத்திரத்தைக் கழுவிய அதே கையோடு போய் அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றியிருப்பார்கள் என்பது படித்த எனக்கும் தோன்றவில்லை, ஸ்டெர்லினுக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் தள்ளி இருந்திருப்பார்கள். அண்ணனைத் தங்கச்சி வீட்டுக்காவது அனுப்பியிருப்பார்கள்.

ரோஸி அக்கா நேரே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை இரண்டு பேரையும் வரச்சொல்லிப் பரிசோதித்தார்கள். ரோஸி அக்காவுக்கு இருக்கிறது, தும்மல்கூட இல்லை, ஆனால் இருக்கிறது. அண்ணனுக்கு இப்போதைக்கு இல்லை. திங்கட்கிழமை மறுபடி பார்ப்பார்களாம். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மறு தேதி எப்போது என்று கேட்டதற்கு முதலில் இது தெளியட்டும் என்றார்களாம். இதையெல்லாம் ஜெப்ரி அண்ணன் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை, அதுதான் இன்னும் குழப்பம். மூங்கில் கட்டவில்லை, குடத்தைத் தள்ளி வைக்கவில்லை. கோவிட்டா, இப்பல்லாம் அது சளி மாதிரிதானே, இதுக்குப் போயா மறைச்சீங்க என்று சிரிக்கிறார்கள். எல்லோருக்கும் அது ஒன்றுமில்லை. எங்கள் எதிர்வீட்டுக்கு மட்டும் அதுதான் எல்லாம்.

ஆபீஸிலும் சொல்லிவிட்டேன். என் பக்கத்து சீட் கோகிலவாணி மாசமாக இருக்கிறாள். வைரல் இல்லை, கோவிட், அவளிடம் சொல்லுங்கள் என்று சஃப்ரீனுக்கு எழுதினேன். கோகிலவாணிக்கும் நேராக ஃபோன் போட்டுச் சொன்னேன். சஃப்ரீன் பார்த்துவிட்டாள், பதில் இல்லை. லீவு உண்டா இல்லையா, திங்கட்கிழமை அவர்கள் கணக்கில் நான் யார் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எதிர்வீடு ஒரே அறை, உனக்குத் தெரியும். நடுவே ஒரு சேலையைக் கட்டி ரோஸி அக்கா அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அண்ணன் வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் ரோஸி அக்கா சேலைக்குப் பின்னாலிருந்து ஜெபமாலை ஆரம்பித்தார்கள். முதல் பாதியை அவர்கள் சொல்ல, மறுபாதியை அண்ணன் மெதுவாகச் சொன்னார். சந்து எவ்வளவு அகலம், ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்கிறது. மூன்றாவது காரணிக்கத்தில், அந்தப் பத்து மணி முடிவதற்குள், அண்ணனுக்குக் கண் அசந்துவிட்டது. ரோஸி அக்கா முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார்கள். யாரும் மறுபாதி சொல்லவில்லை. நான் போட்மாலா ஜன்னலிலிருந்து சொன்னேன். என் குரல்தான் என்று தெரிந்திருக்கும், நடுவில் இருமல் வந்துவிட்டது.  பிறகு அடுத்த மணியைத் தொடங்கினார்கள். கடைசி வரை அவர்கள் சொல்ல, நான் சொன்னேன். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள். கூப்பிடவில்லை.

அது என்ன அக்கா? என்னை மன்னித்துவிட்டார்களா, இல்லை, தொடங்கிய ஜெபமாலையைப் பாதியில் விடக் கூடாது என்று பொறுத்துக்கொண்டார்களா? எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கலாமா என்றும் தெரியவில்லை. உட்காரத்தான் போகிறேன்.

மாதா முகத்தைச் சரிசெய்ய ஆள் பார்க்கச் சொன்னால் ஸ்டெர்லின் வேண்டாம் என்கிறார். முதலில் இந்தப் புருவத்தோடேயே அவளை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோக ரோஸி அக்கா சம்மதிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். அவருக்கும் இப்போது பொய் சொல்ல வரவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை தாண்டியிருக்கும். இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் மடத்தில் எல்லோரும் கூடிச் சொல்கிற ஜெபத்தில் சேசுராஜ் அண்ணன் பெயரைச் சொல், அவர் தங்கச்சியையும் சேர்த்துக்கொள். ஆனிக்காக ஒரு வார்த்தை. என் பெயர் வேண்டாம். அண்ணனுக்கு என்ன கஷ்டம் என்று உங்கள் சிஸ்டர்கள் கேட்டால் எதையும் மாற்றிச் சொல்லாதே அக்கா. உள்ளதை, உள்ள பெயரிலேயே சொல். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் அதையும்.

உன் ஜெபத்தை நம்பி இருக்கும்,
தங்கை
சுனிதா