செ. காத்து, மெதுவா

என் பாண்டிக்கு, உன் யக்கா எழுதுவது.

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்குக் கடிதம் எழுதத் தோன்றியதில்லை. மனசுக்குள் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன். இப்போது ஒரு விஷயத்தை எழுத்தில் வைத்தால்தான் எனக்குச் சரியாக இருக்கும். நீ எனக்குச் செய்து கொடுத்தாயே, அந்தக் கத்தியைப் பற்றி.

முதலில் ஊர் சேதி. திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் இருந்த எஸ்.டி.டி. பூத்தை எடுத்துவிட்டார்கள், அதே பெட்டிக்குள் இப்போது ரீசார்ஜ் கார்டு விற்கிறார்கள். பிரஸ்ஸில் அடுத்த வருஷக் காலண்டர் ஓடுகிறது. நேற்று ப்ரூஃப் பார்த்தபோது அமாவாசையும் பௌர்ணமியும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. நீ இருந்தால், "விடுக்கா, ரெண்டுக்கும் சேத்து ஒரு லீவு கொடுத்துருவாக" என்றிருப்பாய்.

என் விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். டாக்டர் முடக்குவாதம் என்றார். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் அரிய முடியவில்லை. கடைக் கத்தியின் ஒல்லிப் பிடி விரலுக்குள் நிற்காமல் சுழன்றது. வெங்காயத்துக்குக்கூட உன் மச்சானை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. அந்த மனுஷர் வெண்டைக்காயைச் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி வைப்பார். நாற்பது வயசில் என் அடுப்படியில் நானே விருந்தாளி மாதிரி நிற்கிறேனே என்று உன்னிடம் ஒருநாள் அழுதேன்.

நீ மறுநாள் ஒரு சப்பாத்தி மாவு உருண்டையோடு வந்து, "யக்கா, இதைக் கத்தின்னு நெனச்சுப் பிடி" என்றாய். என் விரல்கள் அமுங்கின மாவை அப்படியே வெயிலில் காயவைத்து, அந்த அச்சைப் பார்த்துப் பார்த்துப் புளியங்கட்டையில் பிடி செதுக்கினாய். பிரஸ் மெஷின்களுக்கு லேத்தில் உருப்படி கடைகிறவன் நீ. கத்தி செய்ய உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அன்றைக்கு இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆமத்தூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வாங்கி வந்தாய். உன் வீட்டுக் கொல்லையில் செங்கல் அடுக்கி ஓர் உலை, கையால் சுற்றுகிற பழைய ப்ளோயர், வைத்து அடிக்க ஒரு தண்டவாளத் துண்டு. நம் தெருவில் பாதிப் பேர் விஸ்வநத்தத்துக்கு வெடி கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். மருந்து படிந்த துணியோடு வேனை விட்டு இறங்குவார்கள். அதனால் வேலை நாளில் நீ உலை மூட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்கக் குளித்துத் துவைத்து முடித்த பிறகுதான். வெயிலில் இரும்பின் நிறம் ஏமாற்றும் என்று கொடியில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு நிழல் பண்ணிக்கொள்வாய். புகை எனக்கு ஆகாது என்று என்னை இந்தப் பக்கமே உட்கார வைத்துவிட்டாய். நான் பார்த்ததெல்லாம் ஜமுக்காளத்துக்கு அடியில் தெரிந்த உன் கால்களையும் பொறியையும்தான்.

முதல் கத்தியைத் தண்ணீரில் முக்கினாய். டிங் என்று ஒரு சத்தம். விரிசல் விட்ட அலகைத் தூக்கிக் காட்டி, "தோச்சல் கோவிச்சுக்கிருச்சு யக்கா" என்று சிரித்தாய். காய்ச்சி அடித்து வடிவம் கொண்டுவருவது பாதி வேலைதான், அலகைப் பழுக்கவைத்து முக்கி எடுக்கிற அந்தத் தோச்சலில்தான் கத்தி கத்தியாகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த கத்திக்கு முன்னால் நாள்காட்டித் தாள் ஒன்றின் முதுகில் செய்முறையை எழுதி, என்னிடம் காட்டினாய்.

ப்ரூஃப் பார்க்கிறவளிடம் தாளைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா? சிவப்புப் பென்சிலை எடுத்தேன். தோச்சலைத் தோய்ச்சல் ஆக்கினேன். "செ. காத்து, மெதுவா" என்று முதல் வரி. காத்தைக் காற்று ஆக்கினேன். அந்தச் 'செ.' என்னவென்று புரியவில்லை, எங்கிருந்தோ வந்து விழுந்த எழுத்து என்று அடித்துவிட்டேன். நீ தாளை வாங்கிப் பார்த்து, என்னையும் பார்த்து, "இரும்புக்கு எழுத்துப்பிழை தெரியாதுக்கா" என்றாய். அவ்வளவுதான். ஏன்லே அன்றைக்கே சொல்லவில்லை?

தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் முக்கிய இரண்டாவது கத்தி தேறிவிட்டது. அதைக் கையில் வாங்கிய அன்று கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணி என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் நறுக்கிவிட்டேன். உன் மச்சான் மூன்று நாள் சாம்பாரே சாப்பிட்டார். அன்றிலிருந்து என் அடுப்படி எனக்குத் திரும்பி வந்தது.

இனிதான் சொல்ல வந்தது.

உன் பொண்டாட்டி செல்வி இப்போது வீட்டில் வைத்துக் காலண்டர்களுக்குப் பாலித்தீன் கவர் ஒட்டிக் கொடுக்கிறாள். போன மாசம் சீசன் உச்சத்தில் அவளுடைய சீலிங் மெஷினில் சூடேற்றுகிற காயில் கம்பி எரிந்துவிட்டது. காலையில் லோடு போயாக வேண்டும். என்னிடம் கத்தியைக் கேட்டாள், கொடுத்தேன். நூல் அறுக்க என்று நினைத்தேன். அவள் அதை கேஸ் அடுப்பில் காட்டிக் காட்டி, சூட்டோடு கவரின் வாயில் இழுத்து ஒட்டியிருக்கிறாள்.

கத்தி திரும்பி வந்தபோது அலகில் பாதி தூரம் மயில்கழுத்து நிறம். என்ன அழகு தெரியுமா! தேய்த்தும் போகவில்லை. சேனைக்கிழங்கில் வைத்து அழுத்தினேன், விளிம்பு ஈயம் மாதிரி மடங்கியது. கத்தியோடு நீ கொடுத்திருந்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் எழுதியிருந்தாய்: "சாத்தூர் சேவு நிறம் வந்ததும் எடுத்துரணும். மயில்கழுத்துக்குப் போனா தோச்சல் இறங்கிரும்."

கையில் கத்தியோடு செல்வி வீட்டு வாசலுக்குப் போனேன். நாலு பேர் கேட்க, "அவன் போட்ட தோச்சலை ஒரே ராத்திரியில இறக்கிட்டியே" என்றேன். நீ செத்ததற்கே அவள்தான் காரணம் என்பது போன்ற குரல் அது, பாண்டி. எனக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவள் ஒட்டிக்கொண்டிருந்த கவரைக் கீழே வைத்தாள். "தெரியாமப் பண்ணிட்டேன் மதினி" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "அந்தத் தோச்சலுக்கு ப்ளோயரைச் சுத்தி யாரு காத்து போட்டான்னு நெனச்சீக?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து தாளை மறுபடி விரித்தேன். செ. காத்து. மெதுவா.

என் சிவப்புக் கோடு அந்தச் 'செ.' மேல் அப்படியே இருந்தது.

நாலு நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்தாம் நாள் போய், "எனக்குத் தெரியலை செல்வி" என்றேன். "நீங்க கேக்கலியே மதினி" என்றாள். பிறகு அவளே, "ஞாயித்துக்கிழமை மறுபடி தோச்சல் போட்டுப் பாப்பமா? விரிசல் விட்டாலும் விடும். அப்புறம் என்னையப் பேசக் கூடாது" என்றாள். மழுங்கினாலும் அது நீ செய்த கத்தி. வெடித்துவிட்டால்? வேண்டாம் என்று பத்திரமாக எடுத்து வைத்துவிடலாமா? ஆனால் எடுத்து வைப்பதற்காகவா நீ என் கையை மாவில் பதித்தாய்?

செல்வி பித்தளை ஆணிகளைத் தட்டிப் பிடியைச் சேதமில்லாமல் கழற்றினாள். ஜமுக்காளம் கட்டினோம், இந்தத் தடவை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நானும் உள்பக்கம். உன் மச்சான் இரண்டு வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். "இருபது வருசமா இந்த ஊர்ல இருக்கீக, எண்ணெய் பத்துனா தண்ணியவா அண்ணே ஊத்துவீக? மண்ணு அள்ளிட்டு வாங்க" என்று செல்வி விரட்டினாள். மனுஷர் மறுபேச்சில்லாமல் மண் அள்ளப் போனார்.

அவள் காத்து போட்ட விதத்தை என்னவென்று சொல்ல? ஒரு சுற்று, ஒரு நிறுத்தம், ஒரு சுற்று. கரி சீறாமல் மூச்சு விடுகிற மாதிரி எரிந்தது. அலகு முதலில் கறுத்து, பிறகு சிவந்து, கோவைப்பழத்தையும் தாண்டிய பின் காந்தத்தை நீட்டச் சொன்னாள், பக்குவச் சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டாதாம். ஒட்டவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றாள். நான் எதையும் திருத்தவில்லை. இடுக்கியால் எடுத்து, சூடு பண்ணி வைத்திருந்த கடலை எண்ணெய்க்குள் நேராக இறக்கினாள். டிங் சத்தத்துக்காக இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். எண்ணெய் கொதித்து அடங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். கண்ணாடிமேல் போவது போல வழுக்கியது, தோச்சல் ஏறிவிட்டது. பளபளவென்று தேய்த்த பிறகு, அலகு முறியாமல் இருக்க, கடலை வறுக்கிற சட்டியில் மணலைச் சூடாக்கி அதைப் புதைத்தோம். எடுத்து எடுத்துப் பார்த்தோம். வெள்ளை, வெளிர் மஞ்சள், பிறகு அச்சாகச் சேவு நிறம். "எடுங்க மதினி, இதுக்கு மேல போச்சுன்னா மறுபடி வைவீக" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கத்தி இப்போது நன்றாக இருக்கிறது. இன்று காலை அதே சேனையை நறுக்கினேன். உனக்கு நன்றி சொல்ல எனக்கு எப்போதும் காரணம் இருந்தது. இப்போது ஒன்று கூடியிருக்கிறது, நீ அவளைக் கட்டிக்கொண்டு வந்ததற்கு. நீ அடிக்கடி சொல்ல வந்து, நான் ப்ரூஃப் தாளிலிருந்து தலையைத் தூக்காததால் சொல்லாமல் விட்டது இதுதானோ?

எங்கள் தொழிலில் தவறாக அடித்துவிட்ட எழுத்தைத் திரும்ப வாழவைக்க ஒரு குறி உண்டு. அதன் கீழே புள்ளி வைப்போம். அப்படி வைத்தால் அது அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். உன் தாளில் அந்தச் 'செ.' கீழே மூன்று புள்ளி வைத்துவிட்டேன். காத்தும் தோச்சலும்கூட நீ எழுதியபடியே இருக்கட்டும்.

உன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு முழம் இன்னும் மூலையில் கிடக்கிறது. கவர் கிழிக்க, காய் நறுக்க, செல்வி தனக்கென்று ஒரு கத்தி வைத்துக்கொண்டதே இல்லை என்று இப்போதுதான் கவனித்தேன். நேற்று சப்பாத்தி மாவு பிசைந்து அவள் கையில் கொடுத்து, பிடி என்றேன். "எனக்கெதுக்கு மதினி" என்று சொல்லிக்கொண்டேதான் பிடித்தாள். அச்சு மாடியில் காய்கிறது. சீசன் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை உலை மூட்டுவோம். சுத்தியல் அவள் கையில். என் இடது கை இன்னும் ப்ளோயரைச் சுற்றும்.

புதுத் தாளில் முதல் வரி எழுதியாயிற்று, பாண்டி: வி. காத்து, மெதுவா.

உன் யக்கா,
விஜயா