டிஸ்கஸ் மீனும் சிவப்புப் பட்டும்

ஆவணி, வெள்ளிக்கிழமை.

மகன் வளர்க்கும் டிஸ்கஸ் மீன் ஜோடி முதல்முறையாக முட்டை போட்டிருக்கிறது. பயந்தால் தன் முட்டையைத் தானே தின்றுவிடுமாம். "நீதாம்மா பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனான். வேறு யாரை நம்புவான்?

புதுச் சிவப்புப் பட்டு கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்வந்தேன். தொட்டி முன் நின்றேன். இரண்டு மீனும் கறுத்து மூலையில் ஒடுங்கின. பக்கத்து வீட்டு ராமக்கா ஜன்னலில் நின்றிருந்தாள்.

"ஏட்டி, ஒங் கண்ணு பட்டுருச்சு."

"ஏங் கண்ணுக்கு அம்புட்டுப் பவர் இருந்தா எம் மாமியாளையில்லா மொதல்ல பாத்திருப்பேன்!"

மிளகாய் சுற்றிப் போட்டேன். ஒரு மீன் முட்டைப் பக்கம் வாயைக் கொண்டுபோனது. பதறிப்போய் மகனுக்குப் போன் போட்டேன்.

"என்ன சேலை கட்டிருக்கம்மா?"

"ஏலே, இப்பம் சேலைதான் கேள்வியா?"

"புதுக் கலரப் பாத்தா அது மிரளும். மாத்திட்டுத் தொட்டிகிட்டப் போ."

தினமும் கட்டும் நீலச்சேலையில் வந்தேன். கொஞ்ச நேரத்தில் கறுப்பு தெளிந்தது. முட்டை தப்பியது.

மிளகாய் சுற்றித்தான் சரியானது என்று ராமக்காவிடம் சொல்லிவிட்டேன். நாளை அவள் மகளுக்கு வளைகாப்பு. இருக்கிற ஒரே பட்டு அந்தச் சிவப்புதான்; அதைத்தான் கட்டவேண்டும். இங்கே கட்டினால் மீன் மிரளும். அவள் வீட்டில்தான் போய்க் கட்டவேண்டும். ஏன் என்று கேட்பாளே.